ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? கூடையில் வரும் நாளிலிருந்து ஒரு வயது வரை

ராஜபாளையம் குட்டியை முதன்முதலில் கையில் வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிப்பார்கள். ரோஜா நிற மூக்கு, தேன் நிறக் கண், பால் வாடை மாறாத வயிறு. எட்டு வாரக் குட்டி முழங்கைக்குள் அடங்கிவிடும். அதே குட்டி பத்தாவது மாதத்தில் பின்னங்காலில் எழுந்து நின்று உங்கள் தோளில் கையை வைக்கும். வளர்ந்த ஆண் நாய் தோள்பட்டை வரைக்கும் 65 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த இனம் இது. சங்கிலியைப் பிடித்திருப்பவர் அறுபது வயதுக்காரர் என்றால், அது ஒரு ஆட்டைப் பார்த்துப் பாயும்போது அவரும் கூடவே போவார்.

அதனால் புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பலம் தானாக வரும், காவல் புத்தியும் தானாக வரும், அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். நிற்பது, விடுவது, பொறுத்திருப்பது, கூப்பிட்டால் வருவது, இந்த நாலும் தானாக வராது. குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள முடிகிற எடை இருக்கும்போதே இவற்றைப் பழக்கிவிட வேண்டும். முப்பது கிலோ ஆன பிறகு ஆரம்பித்தால் உங்கள் கைதான் தேயும்.

வாங்கும் முன்: காதைப் பாருங்கள்

ராஜபாளையம் வாங்கப் போகிறவர் நிறத்தைப் பார்ப்பார், மூக்கைப் பார்ப்பார், வாலைப் பார்ப்பார். காது கேட்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. இந்த இனத்தில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

காரணம் இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. உடம்பெல்லாம் வெள்ளையாக வரும் நாய்களில் அந்தச் செல்கள் உள்காதில் இல்லாமல் போகலாம். அப்போது பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ஒரு காதிலும் போகலாம், இரண்டிலும் போகலாம். ஒரு பொட்டு நிறம்கூட இல்லாத வெள்ளைதான் வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்கக் கேட்க, வளர்ப்பவர்களும் வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தார்கள், சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். பழுப்போ கறுப்போ கலந்து பிறந்த குட்டிகளை ஒதுக்கிவிடும் வழக்கமும் இருந்தது. நம் ஆசைக்கு நாய் தன் காதைக் கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. காதருகில் பழுப்புத் திட்டு உள்ள ஒரு குட்டி நன்றாகக் கேட்டுத் துள்ளி வந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள்.

என் முதல் ராஜபாளையம் செவிடு. எனக்கு இரண்டு மாதம் தெரியாது. கூப்பிட்டால் வரவில்லை என்று திட்டினேன், திமிர் பிடித்த குட்டி என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் மதியம் அது தூங்கிக்கொண்டிருக்கும்போது அதற்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளம் நழுவித் தரையில் விழுந்தது. தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். குட்டி மூச்சுகூட மாறாமல் தூங்கியது. அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகு பத்து வருடம் என்னோடு இருந்தது, கைச்சைகையிலேயே எல்லாம் கற்றுக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு மாதத் திட்டு எனக்கு மறக்கவில்லை.

சோதிப்பது எளிது, சரியாகச் செய்ய வேண்டும். ஈத்தில் உள்ள குட்டிகள் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது செய்தால் ஒன்று திரும்புவதைப் பார்த்து மற்றதும் திரும்பும். அதனால் நீங்கள் பார்த்து வைத்த குட்டியை மட்டும் தனியாகப் பிரித்து, வேறு திசையில் கவனம் இருக்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காலில் தெரிந்துவிடும். பக்கத்தில் கை தட்டினாலும் காற்று பட்டுத் திரும்பும். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. சத்தம் கேட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தலையை அங்கும் இங்கும் ஆட்டினால் ஒரு காது மட்டும் கேட்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு காது கேட்கும் குட்டி நல்ல வீட்டு நாயாக வாழும். இரண்டு காதும் கேட்காத குட்டியை முதன்முதலாக நாய் வளர்ப்பவர் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மற்றவை சுருக்கமாக. தாய் நாயைக் கட்டாயம் பாருங்கள். தாய் பக்கத்தில் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். தாய் உங்களைப் பார்த்துக் குரைத்தால் பரவாயில்லை, சொந்தக்காரர் சொன்ன பிறகும் நடுங்கிக்கொண்டு மூலைக்கு ஓடினால் யோசியுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளில் இருக்கிறது. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் கூடப்பிறந்தது கத்தும் என்பதை ஒரு குட்டி கற்றுக்கொள்வது அந்தக் கடைசி இரண்டு மூன்று வாரங்களில்தான். முப்பதாம் நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை உங்கள் விரல்தான் நடத்த வேண்டியிருக்கும்.

இணையத்தில் வெள்ளையாக இருப்பதை எல்லாம் ராஜபாளையம் என்று விற்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் பக்கம் நேரில் போய், ஈத்தைப் பார்த்து, வளர்ப்பவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாங்குவதுதான் நல்லது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு நாலு தபால்தலை போட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். அந்தப் பெருமைக்குரிய நாயைப் பேருந்து டிக்கியில் பார்சலாக வரவழைப்பது முறையில்லை.

முதல் வாரம்

குட்டி வரும் நாள் வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால் வசதி, இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருக்கலாம். தாயும் கூடப்பிறந்தவையும் படுத்த சாக்கிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாடை முதல் மூன்று இரவுக்குப் பெரிய துணை. ராத்திரி அழும். வெளியே கொட்டகையில் விட்டால் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியோ கூண்டோ வைத்து அதில் படுக்க வையுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டால் போதும், மோந்து பார்த்துவிட்டுத் தூங்கும். ஒரு வாரம் போனால் பெட்டியை ஒவ்வொரு அடியாக நகர்த்தி நீங்கள் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டி ஒன்றுக்குப் போகும். இந்த மூன்று நேரமும் தூக்கிக்கொண்டு வெளியே ஒரே இடத்துக்குப் போங்கள். போனதும் உடனே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பதும் அடிப்பதும் வேண்டாம். அதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனுஷன் பார்க்கும்போது போகக் கூடாது, கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். 

இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் வழவழ டைல்ஸ். நீளக் கால் குட்டிக்கு அது வழுக்கு மைதானம், இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். அது நடமாடும் வழியில் சணல் சாக்கோ பழைய ஜமக்காளமோ விரித்து வையுங்கள்.

ஊசி, புழு மருந்து, உண்ணி

இதில் உங்கள் கால்நடை மருத்துவர் சொல்வதே கணக்கு. பொதுவான அட்டவணை இப்படி இருக்கும்: பார்வோ (ரத்தபேதி), டிஸ்டெம்பர் உள்ளிட்ட கிருமி நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. தடுப்பூசி அட்டையில் தேதியும் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். 

பார்வோவைப் பற்றி ஒன்று. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போன வருடம் உங்கள் வீட்டில் ஒரு குட்டி ரத்தபேதியில் இறந்திருந்தால், ஊசிகள் முடியாத புதுக் குட்டியை அதே முற்றத்தில் இறக்காதீர்கள். குட்டி திடீரென்று சுருண்டு படுத்து, வாந்தியும் நாற்றமெடுக்கும் பேதியுமாக இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அந்த ஒரு ராத்திரியில் உடம்பில் உள்ள நீர் எல்லாம் போய்விடும்.

ராஜபாளையத்துக்கு முடி குட்டை, தோல் மெல்லியது, சொறி வந்தால் உடனே வெளியே தெரியும். சொறிக்குக் கழிவு ஆயில், உண்ணிக்கு மாட்டுக்குத் தெளிக்கும் மருந்து, பேனுக்கு மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. மேலே பூசியது எல்லாம் உள்ளே போகும். அதேபோல் காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமால், வலி மாத்திரைகள் எதையும் கொடுக்காதீர்கள், உயிரே போய்விடும். உண்ணியை மட்டும் தினமும் தேடுங்கள்: காதுக்குள், விரல் இடுக்கில், அக்குளில். உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களை நிறையக் கொல்கிறது. தினமும் இப்படிக் காதையும் பாதத்தையும் வாயையும் தொட்டுப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய நாயானதும் மருத்துவர் மேசையில் நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்காது.

சாப்பாடு

2 மாதக் குட்டிக்கு நாலு வேளை, 4 மாதத்துக்கு மேல் மூன்று வேளை, 6 மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. பாலும் சோறும் மட்டும் ஊற்றி வளர்த்தால் வயிறு உப்பும், கால் வளையும். பால்குடி மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பாலே பேதியாகும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் தீவனம் கொடுப்பது எளிய வழி. வீட்டுச் சாப்பாடு என்றால் கோழிக்கறி, முட்டை, மீன், கொஞ்சம் சோறோ கேழ்வரகோ, காய்கறி, எது எவ்வளவு என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். இந்த இனம் அப்படி இருக்கக் கூடாது. விலாவில் விரலை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, அந்த அளவு. சமைத்த கோழி எலும்பு குத்தூசியாக உடையும், அது வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் எதுவும் ஆகாது. பாயசத்தில் கிஸ்மிஸ் இருப்பது நமக்கு ஞாபகம் வராது, பண்டிகை நாளில் கவனம். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள்.

உலகத்தைக் காட்டும் காலம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ராஜபாளையம் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளும் நாய், வெளியாட்களிடம் இயல்பிலேயே விலகி நிற்கும். 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைக்கும் எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்ததோ, அதெல்லாம் இந்த உலகத்தில் சாதாரணம் என்று குட்டி முடிவு செய்துகொள்கிறது. அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் சந்தேகத்துக்குரியது. ஒதுங்கும் சுபாவமுள்ள நாயை அந்த வாரங்களில் காம்பவுண்டுக்குள்ளேயே வைத்திருந்தால், ஒரு வயதில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா எல்லோருமே அதற்கு எதிரி. பயத்தில் கடிப்பதை வீரம் என்று நாம் தப்பாக எண்ணிக்கொள்வோம்.

சிக்கல் என்னவென்றால் ஊசிகள் முடிவது 16 வாரத்தில், உலகத்தைப் பழகும் இந்தக் காலம் முடிவது 14 வாரத்தில். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, தூக்கிக்கொண்டு போவது. என் இரண்டாவது குட்டியை ஒரு துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் டீக்கடைக்குப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வேன். தரையில் ஒருநாளும் இறக்கியதில்லை. பஸ் ஹாரன் அடித்ததும் முதல் நாள் என் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஹாரன் சத்தம் வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை வேகவைத்த ஈரலைக் கொடுத்தேன். நாலாம் நாள் ஹாரன் கேட்டதும் என் சட்டைப்பையைப் பார்த்தது. ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், பர்தா அணிந்த பெண், பள்ளிக்கூடச் சீருடைப் பிள்ளைகள், கீரைக்கூடை, மாட்டு வண்டி, கோயில் மேளம் என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. யாரிடமும் வலுக்கட்டாயமாகக் கொடுக்க வேண்டாம். குட்டி தானாக மூக்கை நீட்டினால் தொடட்டும், இல்லாவிட்டால் பார்த்தாலே போதும்.

வீட்டுக்குள்ளும் வேலை இருக்கிறது. மிக்சி, குக்கர் விசில், பூஜை மணி, கதவு அழைப்பு. தீபாவளிக்கு முன்னால் வெடிச் சத்தத்தைக் கைபேசியில் மிகச் சன்னமாக வைத்துச் சாப்பாடு போடுங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள்.

வாயும் பல்லும்

குட்டிக்கு 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. 4 மாதத்தில் விழ ஆரம்பித்து 6, 7 மாதத்தில் 42 பற்களும் முளைத்துவிடும். அதுவரை கடித்துக்கொண்டேதான் இருக்கும். கையைக் கடித்தால் கத்திக் கூச்சல் போட வேண்டாம், மூக்கில் அடிக்க வேண்டாம். விளையாட்டை நிறுத்தி, எழுந்து, முதுகைக் காட்டி நில்லுங்கள். அரை நிமிடம். பிறகு கடிக்க ஒரு பொம்மையோ முடிச்சுப் போட்ட நனைந்த துணியோ கொடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். வீட்டில் அப்பா நிறுத்துகிறார், அண்ணன் கையைக் கொடுத்துக் கடிக்க விட்டுச் சிரிக்கிறான் என்றால் எதுவும் பலிக்காது. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து முதல் நாளே பேசிவிடுங்கள்.

அடுத்தது "விடு". குட்டியின் வாயில் பொம்மை இருக்கும்போது மூக்குக்கு நேராக ஒரு கறித்துண்டைக் காட்டுங்கள். வாயைத் திறக்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லுங்கள். துண்டைக் கொடுங்கள், பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் போய்விடாது, கூடுதலாக ஒன்று வரும் என்று குட்டிக்குத் தெரிய வேண்டும்.

நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. நாய் சாப்பிடும்போது தட்டில் கையை விட்டு அளைந்து, பார்த்தீர்களா ஒன்றும் செய்யவில்லை என்று காட்டுவது. குட்டியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஆனால் சாப்பிடும்போதெல்லாம் ஒருவர் வந்து தொந்தரவு செய்கிறார் என்று அது மனதில் எழுதிக்கொண்டே வரும். அதற்குப் பதில், அது சாப்பிடும்போது பக்கத்தில் நடந்து போகையில் தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். இரண்டு வாரத்தில், நீங்கள் வருவதைப் பார்த்தாலே வால் ஆடும்.

தினசரிப் பாடம்

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்பு, பசி இருக்கும்போது. எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்: "உக்காரு", "இரு", "வா", "விடு". ஒருவர் "வா", இன்னொருவர் "இங்க வாடா", மற்றவர் "கம்" என்றால் குட்டி யார் பேச்சைக் கேட்கும்?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது வாசல் பாடம். கேட்டைத் திறக்கக் கை வைத்ததும் குட்டி முட்டிக்கொண்டு வரும். கையை எடுத்துவிடுங்கள். பின்வாங்கி உட்கார்ந்ததும் மறுபடி கை வையுங்கள். பாய்ந்தால் மறுபடி மூடுங்கள். முதல் நாள் இருபது முறை ஆகும், எரிச்சல் வரும். ஒரு வாரத்தில், கேட் திறப்பது தன் உட்காருவதில்தான் இருக்கிறது என்று குட்டியே கண்டுபிடித்துவிடும். வளர்ந்த பின் தபால்காரர் கேட்டைத் திறந்துவைத்துவிட்டுப் போனாலும் ஒரு நொடி தயங்கும். அந்த ஒரு நொடி ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

மேலே தாவினால் கையால் தள்ளாதீர்கள், அதுவும் விளையாட்டுதான் அதற்கு. நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள், பேசுங்கள்.

பட்டையைக் கட்டி நடக்கும்போது இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனைக்குப் போக அரை மணி ஆகலாம், ஆகட்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலி வேண்டாம். நெஞ்சுப் பட்டை நல்லது.

"வா" என்று கூப்பிட்டு ஒருபோதும் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப் போடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய் அழைத்து வாருங்கள். அந்தச் சொல் எப்போதும் நல்லதில்தான் முடிய வேண்டும். வேட்டை ரத்தம் உள்ள நாய், கோழியோ பூனையோ ஆடோ குறுக்கே ஓடினால் காது அடைத்துப்போகும். அதனால் திறந்த வெளியில் 10 மீட்டர் நீளக் கயிறு இல்லாமல் விடவே கூடாது.

செவிட்டுக் குட்டியாக இருந்தால் சொல்லுக்குப் பதில் சைகை. உள்ளங்கையைக் காட்டினால் இரு, மார்பில் தட்டினால் வா, கட்டை விரலைத் தூக்கினால் சபாஷ். தூங்கும்போது திடுக்கென்று தொடாமல், மூக்கருகே கையை வைத்து வாடை தெரிந்த பின் எழுப்புங்கள்.

செய்யவே கூடாதவை

சாக்கை ஆட்டி, தெருவில் போகிறவரைக் காட்டி, "உஸ்ஸ், புடி" என்று ஏற்றிவிடுவது. குட்டிக்கு ரோஷம் வரட்டும் என்று செய்கிறார்கள். வருவது ரோஷம் இல்லை, பதற்றம். ஒன்றரை, இரண்டு வயதில் நாய் முதிரும்போது காவல் தானாக வரும். நிதானமான நாய்தான் திருடனுக்கும் விருந்தாளிக்கும் வித்தியாசம் பார்க்கும்.

பகல் முழுக்கப் போர்டிகோ தூணில் கட்டி வைப்பது. எல்லோரும் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு, எதையும் நெருங்க முடியாமல், கழுத்து அறுக்க அறுக்கக் குரைத்துக் குரைத்து அந்த நாய் வேறு நாயாகிவிடும். காம்பவுண்டு சுவர் உயரமாக இல்லையென்றால் முதலில் அதை எழுப்புங்கள், பிறகு நாய் வாங்குங்கள்.

பைக்கில் கட்டி ஓட்டுவது. 15, 18 மாதம் வரை எலும்பின் முனைகள் முற்றாது. தார்ச் சாலையில் அப்படி ஓடிய நாய் ஐந்து வயதில் படியேறச் சிரமப்படும். ஒரு வயது வரை நடை, மண்தரையில் தானாக ஓடும் ஓட்டம், மோந்து தேடும் விளையாட்டு போதும். வெயிலிலும் கவனம், வெள்ளைத் தோல், ரோஜா மூக்கு சீக்கிரம் வெந்துவிடும். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள்.

குழந்தைகளோடு தனியாக விடுவது. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி. தூங்கும்போதும் தின்னும்போதும் தொடக் கூடாது, கழுத்தைக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று குழந்தைக்கும் பயிற்சி கொடுங்கள். யார் மேலாவது பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தான் என்று விட்டுவிடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். செலவு உங்களுடையது.

உள்ளாட்சியில் உரிமம் வாங்கிவிடுங்கள். சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பி, அது நீதிமன்றம் வரை போனது. அந்தப் பட்டியலில் ராஜபாளையம் இல்லை. ஆனாலும் வாய்க்கவசம் அணிந்து நடக்கக் குட்டியிலேயே பழக்குங்கள். கவசத்துக்குள் கறித்துண்டு வைத்தால் தானே மூக்கை நுழைக்கும். பேருந்து, மருத்துவமனை, கூட்டம், எங்கும் உதவும்.

எட்டாவது மாதம்

அதுவரை எல்லாம் ஒழுங்காகச் செய்த நாய் ஒருநாள் "வா" என்றதும் உங்களைப் பார்க்கும், பிறகு வேறு பக்கம் பார்க்கும். வயது வருகிறது. பலர் கையில் கம்பு எடுப்பதும், நாயை வேண்டாம் என்று கொடுத்துவிடுவதும் இந்த மாதங்களில்தான். கற்றது அழியவில்லை. பாடத்தை மூன்று மாதம் பின்னுக்குக் கொண்டுபோய், வீட்டு முற்றத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். கறித்துண்டின் அளவைக் கூட்டுங்கள். கருத்தடை பற்றி இந்தச் சமயத்தில் கேள்வி வரும். பெரிய இனங்களுக்கு வளர்ச்சி முடிந்த பின் செய்வதையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள், உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது குட்டிக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது அறுவடை முடிந்த வயலில் நீளக் கயிற்றோடு விட்டிருந்தேன். வரப்பு மேல் ஒரு கிடை ஆடு வந்தது. குட்டி நின்றது, முதுகு விறைத்தது. "வா" என்றேன். ஆட்டைப் பார்த்தது, ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் உடம்பு முழுக்கத் திரும்பி ஓடி வந்தது. பையில் இருந்த ஈரல் அத்தனையும் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதே வயல், அதே கிடை, கூப்பிட்டேன், வரவில்லை. கயிறு இருந்தது, பிடித்துக்கொண்டேன். அடுத்த வருடம் பொங்கல் வரைக்கும் அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை.